‘மாற்றம் இல்லை’ என்று சொல்ல எத்தனை இடம் பார்க்க வேண்டும்? – மேய்ச்சல் நிலக் கண்காணிப்பில் மாதிரி அளவும் புள்ளியியல் திறனும்



“பத்து இடங்களில் புல்லை அளந்தோம். ஐந்து ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.” இப்படி ஓர் அறிக்கையைப் படித்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? புல் அப்படியேதான் இருக்கிறது என்றுதானே? ஆனால் இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்க முடியும். ஒன்று, புல் உண்மையிலேயே மாறவில்லை. மற்றொன்று, புல் குறைந்துவிட்டது. பத்தே இடங்களைப் பார்த்ததால் அந்தக் குறைவு கண்ணில் படவில்லை.

எது உண்மை என்று சொல்லத் துணை செய்பவைதாம் மாதிரி அளவு, புள்ளியியல் திறன் என்னும் இரண்டு கருத்துகள். ‘இது கணிதப் பாடமாச்சே, தமிழ் இதழில் எதற்கு?’ என்று கேட்கலாம். எண்கள் நிறைந்த உரைநடைப் பகுதிகளைக் கருத்துணர்தலுக்குக் கொடுக்கிறோம். ஆய்வு இடுபணியும் எழுதச் சொல்கிறோம். விழுக்காட்டை எடுத்து எழுதத் தெரிந்த மாணவருக்கு, அந்த விழுக்காடு எத்தனை இடத்திலிருந்து வந்தது என்று கேட்கவும் தெரிய வேண்டும். அதற்கு மேய்ச்சல் நிலம் நல்ல எடுத்துக்காட்டு.

1. எந்த நிலம், என்ன சிக்கல்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் குரூசஸ் நகருக்கு அருகே ஹோர்னாடா ஆய்வுப் புல்வெளி இருக்கிறது. 1912இல் தொடங்கப்பட்டது. இன்று அந்நாட்டு வேளாண்துறையின் பொறுப்பில் உள்ளது. பரப்பு ஏறக்குறைய 78,000 ஹெக்டேர். சிங்கப்பூரைவிடச் சற்றுப் பெரியது. ஆண்டு முழுவதும் சராசரியாக 245 மில்லிமீட்டர் மழைதான். கோலாலம்பூரில் நவம்பர் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய அவ்வளவு பெய்துவிடும்!

அங்கே மாடுகளுக்கு முக்கியத் தீவனம் ‘பிளாக் கிராமா’ என்ற பல்லாண்டுப் புல். அதிக மேய்ச்சலும் வறட்சியும் சேர்ந்தால் இந்தப் புல் பின்வாங்கும். அந்த இடத்தை ‘மெஸ்கீட்’ என்னும் முட்புதர் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் பலரும் குறை சொல்லும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவுச் செடி இது. புதருக்கு இடையே மண் வெறுமையாகிறது. காற்று அந்த மண்ணை வாரிக்கொண்டு போய்ப் புதரடியில் மேடாகக் குவிக்கிறது. நில அளவையாளர்கள் 1858இல் எழுதி வைத்த குறிப்புகளை 1963ஆம் ஆண்டு நிலைமையுடன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். புல்வெளியாக இருந்த பெரும்பகுதி புதர்நிலமாக மாறியிருந்தது. 1950களின் கடும் வறட்சியிலும் பிளாக் கிராமா பெருமளவு அழிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதர்நிலம் ஆன பிறகு மாட்டை வெளியேற்றினாலும் புல் எளிதில் திரும்புவதில்லை. ஆகவே, புல் குறையத் தொடங்கும்போதே அது தெரிந்தாக வேண்டும். பத்தாண்டு கழித்துத் தெரிந்தால் வருத்தப்படலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

2. புல்லை எப்படி அளக்கிறார்கள்?

78,000 ஹெக்டேரிலும் உள்ள புல்லை யாராலும் எண்ண முடியாது. ஆகவே சில இடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றைத் ‘தளங்கள்’ என்போம். அமெரிக்கப் பொது நிலங்களில் பரவலாகப் பின்பற்றும் முறை இது: ஒரு தளத்தின் நடுவிலிருந்து மூன்று திசைகளில் 25 மீட்டர் அளவு நாடாவை விரிக்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு முறை மெல்லிய கம்பியை நேராகக் கீழே இறக்க வேண்டும். கம்பி புல்லில் படுகிறதா, புதரில் படுகிறதா, வெறும் மண்ணில் படுகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். நாடாவுக்கு 50 முறை. மூன்று நாடாவுக்கு 150 முறை. அவற்றில் 45 முறை புல்லில் பட்டால் அந்தத் தளத்தின் புல் பரப்பு 30 விழுக்காடு. அவ்வளவுதான்.

எளிமையான முறைதான். ஆனால் ஒரு தளத்தில் 30 விழுக்காடு வந்தால், அடுத்த மேட்டில் 45 வரலாம். அதற்கடுத்த பள்ளத்தில் 12 வரலாம். மண், சரிவு, தண்ணீர்த் தொட்டி இருக்கும் தூரம் ஆகியவற்றால் இடத்துக்கு இடம் இவ்வளவு வேறுபாடு. இந்தச் சலசலப்புக்கு நடுவில்தான் ஐந்து ஆண்டுகளில் நடந்த சிறு மாற்றத்தை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

3. இரண்டு வகைத் தவறுகள்

மாதிரியை வைத்து முடிவெடுக்கும்போது இரண்டு விதமாகத் தவறலாம்.

முதல்வகைப் பிழை: புல் குறையவே இல்லை, நாம் ‘குறைந்துவிட்டது’ என்று அறிவிக்கிறோம். பொய் எச்சரிக்கை. மாட்டின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வார்கள். மேய்ச்சலை நம்பி வாழும் குடும்பத்துக்கு வருமானம் போகும்.

இரண்டாம்வகைப் பிழை: புல் உண்மையில் குறைந்திருக்கிறது, நாம் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிவிடுகிறோம். தவறவிட்ட எச்சரிக்கை. மாடுகள் அப்படியே மேயும்; புல் போய்விடும்; பிறகு அதே குடும்பத்துக்கு வருமானமும் போகும், நிலமும் போகும்.

உண்மையில் ஒரு மாற்றம் நடந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க நம் ஆய்வுக்கு உள்ள வாய்ப்பே புள்ளியியல் திறன். திறன் 80 விழுக்காடு என்றால் என்ன? அதே மாதிரி ஆய்வை நூறு முறை செய்தால் ஏறக்குறைய 80 முறை மாற்றம் பிடிபடும். 20 முறை நழுவிவிடும் என்று பொருள்.

ஆய்வுலகில் பழகிப்போன அளவு, பொய் எச்சரிக்கைக்கு 5 விழுக்காடு, திறனுக்கு 80 விழுக்காடு. 80 என்ற இந்த அளவு பரவக் காரணமானவர் ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். இதில் ஒளிந்திருக்கும் கருத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். பொய் எச்சரிக்கைக்கு 5, தவறவிடுவதற்கு 20. அதாவது, தவறவிடுவதை நான்கு மடங்கு பொறுத்துக்கொள்கிறோம். உளவியல் ஆய்வகத்தில் இது சரியாக இருக்கலாம். திரும்பி வராத புல் விஷயத்தில் சரியா? அதனால்தான் நிலக் கண்காணிப்பில் இரண்டு பிழைகளையும் சமமாக, எடுத்துக்காட்டாக 10 விழுக்காட்டில், வைத்துத் திட்டமிடுபவர்களும் உண்டு.

4. சரி, எத்தனை தளம் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ‘முப்பது போதும்’ என்ற மாதிரி ஒரே விடை கிடையாது. நான்கு விவரங்கள் தெரிந்தால்தான் விடை வரும்.

அ. எவ்வளவு சிறிய மாற்றம்வரை கண்டுபிடிக்க விரும்புகிறோம்?
ஆ. தளத்துக்குத் தளம் வேறுபாடு எவ்வளவு? (இதைத் திட்ட விலக்கம் சொல்லும்.)
இ. பொய் எச்சரிக்கையை எவ்வளவு பொறுத்துக்கொள்வோம்?
ஈ. திறன் எவ்வளவு வேண்டும்?

இப்ப ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. புல் பரப்பு சராசரி 30 விழுக்காடு. அது 24க்கு இறங்கினால், அதாவது 6 புள்ளி குறைந்தால், தெரிய வேண்டும். திட்ட விலக்கம் 12 புள்ளி. பொய் எச்சரிக்கை 5 விழுக்காடு, திறன் 80 விழுக்காடு. முதல் ஆண்டில் சில தளங்களும், ஐந்தாம் ஆண்டில் புதிதாக வேறு தளங்களும் குலுக்கல் முறையில் எடுக்கிறோம்.

சூத்திரத்தைச் சொல்லால் எழுதினால்:

தளங்களின் எண்ணிக்கை = 2 × (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) × 7.84 ÷ (மாற்றத்தின் வர்க்கம்)

7.84 எங்கிருந்து வந்தது? 5 விழுக்காட்டுப் பிழைக்கு உரிய எண் 1.96, 80 விழுக்காட்டுத் திறனுக்கு உரிய எண் 0.84. இரண்டையும் கூட்டினால் 2.80. அதன் வர்க்கம் 7.84.

2 × 144 × 7.84 ÷ 36 = 62.7. ஆக, ஒவ்வோர் ஆண்டும் 63 தளங்கள் வேண்டும்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த அறிக்கைக்குத் திரும்புங்கள். அங்கே பத்தே தளங்கள். இதே நிலத்தில் பத்துப் பத்துத் தளங்களை அளந்து ஒப்பிட்டால் திறன் ஏறக்குறைய 18 விழுக்காடுதான். புல் உண்மையிலேயே 6 புள்ளி குறைந்திருந்தாலும் ஐந்தில் நான்கு முறை அந்த ஆய்வு ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்றே சொல்லும். அளக்கப் போகும் முன்பே விடை பெரும்பாலும் முடிவாகிவிட்டது! வெயிலில் நடந்து அளந்தவர்களின் உழைப்பில் குறையில்லை, திட்டத்தில்தான் குறை.

மூன்று குறிப்புகள்:

• கண்டுபிடிக்க வேண்டிய மாற்றத்தைப் பாதியாக்கினால் (6 புள்ளிக்குப் பதில் 3), தளங்கள் இரு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். மேலே உள்ள கணக்கில் 251 தளங்கள்.

• திட்ட விலக்கம் பாதியானால் தளங்கள் நான்கில் ஒரு பங்கு போதும். அதனால்தான் மண்வகை, சரிவு ஆகியவற்றைப் பார்த்து நிலத்தை ஒத்த பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தளம் எடுக்கிறார்கள்.

• இரண்டு பிழைகளையும் 10 விழுக்காட்டில் வைத்தால் 7.84க்குப் பதில் ஏறக்குறைய 8.56 வரும். தளங்கள் 69. ஆறு தளங்கள்தான் கூடுதல். தவறவிடும் வாய்ப்போ 20இலிருந்து 10 விழுக்காடாகக் குறைகிறது. அதற்குப் பதிலாகப் பொய் எச்சரிக்கை 5இலிருந்து 10 ஆகிறது. எது தேவலை என்பதைச் சூத்திரம் சொல்லாது. நிலத்தையும் மக்களையும் பார்த்து நாம்தான் முடிவெடுக்க வேண்டும்.

5. ஒரே தளத்தில் இன்னும் அதிகமாக அளந்தால் போதாதா?

மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 63 தளங்களுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போவதைவிட, பத்துத் தளத்தில் கம்பியை ஆயிரம் முறை இறக்கலாமே?

கணக்குப் பார்ப்போம். திட்ட விலக்கம் 12 என்றால் அதன் வர்க்கம் 144. இதில் இரண்டு பங்கு கலந்திருக்கிறது. ஒன்று, தளங்கள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதால் வருவது. மற்றொன்று, ஒரு தளத்துக்குள் கம்பி எங்கே விழுகிறது என்ற தற்செயலால் வருவது. 30 விழுக்காடு புல் உள்ள தளத்தில் 150 முறை இறக்கினால் இந்த இரண்டாம் பங்கு ஏறக்குறைய 14 (0.30 × 0.70 ÷ 150இன் கணக்கு). மீதி 130 தளவேறுபாடு.

கம்பியை 300 முறை இறக்கினால் 14 பாதியாகி 7 ஆகும். 130 அசையாது. மொத்தம் 137. சூத்திரத்தில் போட்டால் 63 தளத்துக்குப் பதில் 60 தளம். ஒவ்வொரு தளத்திலும் இரு மடங்கு வேலை. மிச்சமானது மூன்று தளம்! பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். இங்கே ஒவ்வொரு தளமும் தனித்தனிப் பானை. ஒரே பானையில் நூறு பருக்கையை எடுத்துப் பார்த்தாலும் அடுத்த பானை வெந்ததா என்று தெரியாது.

இதை மறந்து, 10 தளம் × 150 முறை = 1,500 மாதிரி என்று கணக்குக் காட்டுவதைப் ‘போலி மடக்காய்வு’ என்று சொல்லலாம். 1984இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 176 களச் சோதனைக் கட்டுரைகளை அலசிப் பார்த்தார். புள்ளியியல் சோதனையைப் பயன்படுத்தியவற்றில் 48 விழுக்காட்டுக் கட்டுரைகளில் இந்தப் பிழை இருந்தது. ஆய்வாளர்களே வழுக்கும் இடம் என்றால், நம் மாணவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் அல்லவா?

6. அதே தளத்துக்குத் திரும்பிப் போவது

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. ஐந்தாம் ஆண்டில் புதிய தளங்களைத் தேடாமல், முதல் ஆண்டில் அளந்த அதே இடத்துக்குப் போவது. இரும்புக் கம்பி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் நாடாவை அதே கோட்டில் விரிக்கலாம். ஹோர்னாடாவில் 1915 முதல் ஒரு சதுர மீட்டர் கட்டங்களை நிரந்தரமாகக் குறித்து, உள்ளே இருக்கும் செடிகளை வரைபடமாக வரைந்து வந்தார்கள்.

இதனால் என்ன நன்மை? மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும்தான் இருக்கும். ஒரு தளத்தை அதன் பழைய நிலையோடு ஒப்பிடும்போது இடவேறுபாடு பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் இடையே ஒட்டுறவு 0.75 என்று வைத்தால், வித்தியாசங்களுடைய திட்ட விலக்கத்தின் வர்க்கம் 2 × 144 × (1 − 0.75) = 72 ஆகிறது. சூத்திரத்தின் முன்னால் நிற்கும் 2 தேவையில்லை. 72 × 7.84 ÷ 36 = 15.7. ஆக 16 தளம். சிறு மாதிரிக்கான திருத்தம் சேர்த்தால் ஏறக்குறைய 18. 63 எங்கே, 18 எங்கே!

ஆனால் ஒரு நிபந்தனை. தொடக்கத்தில் அந்தத் தளங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சாலையோரம் வசதியாக இருக்கிறது என்று எடுத்தால், பிறகு எத்தனை ஆண்டு அளந்தாலும் அது சாலையோரத்தின் கதையாகத்தான் இருக்கும். மாதிரி அளவு பெரிதாவதால் ஒருதலைச் சாய்வு போகாது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். முதல் ஆண்டு நல்ல மழை, ஐந்தாம் ஆண்டு வறட்சி என்றால் புல் குறைந்துதான் இருக்கும். போதுமான திறன் உள்ள ஆய்வு அந்தக் குறைவைச் சரியாகப் பிடிக்கும். காரணம் மாடா மழையா என்று சொல்லாது. அதற்கு மழைப் பதிவும், மாடு மேயாத வேலியிட்ட பகுதியோடு ஒப்பீடும் தேவை.

7. சொல்லில் இருக்கும் நேர்மை

இனி நம் பாடத்துக்கு வருவோம். கீழே உள்ள மூன்று வாக்கியங்களையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்.

(1) புல் பரப்பில் மாற்றம் இல்லை.
(2) புல் பரப்பில் மாற்றம் தென்படவில்லை.
(3) புல் பரப்பு 6 புள்ளி அளவுக்குக் குறையவில்லை.

‘இல்லை’ நிலத்தைப் பற்றிய கூற்று. ‘தென்படவில்லை’ பார்த்தவரைப் பற்றிய கூற்று. பத்துத் தளம் பார்த்தவர் இரண்டாவதைத்தான் எழுதலாம். அவருக்கு 4 புள்ளி குறைவு என்று விடை வந்தால், பிழை எல்லையையும் சேர்த்தால் உண்மை நிலை 15 புள்ளி குறைவு முதல் 7 புள்ளி உயர்வு வரை எங்கேயும் இருக்கலாம். இவ்வளவு அகலமான எல்லையை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்ல என்ன உரிமை?

63 தளம் பார்த்தவருக்கு 1 புள்ளி குறைவு என்று வந்தால், எல்லை ஏறக்குறைய 5 புள்ளி குறைவு முதல் 3 புள்ளி உயர்வு வரை. அவர் மூன்றாவது வாக்கியத்தைத் துணிந்து எழுதலாம். எதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டாரோ, அந்த அளவு மாற்றம் நடக்கவில்லை என்பதற்கு அவரிடம் சான்று இருக்கிறது.

மாணவர்களே, உங்கள் இடுபணியிலும் இதே கதைதான். ஒரே வகுப்பில் 40 பேரிடம் வாசிப்புப் பழக்கம் பற்றிக் கேட்டுவிட்டு ‘நம் மாணவர்கள்’ என்று எழுதாதீர்கள். ஒரே வகுப்பு ஒரே தளம் மாதிரி. அந்த 40 பேருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே நூலக நேரம். பத்து வகுப்பில் நான்கு நான்கு பேரைக் குலுக்கி எடுத்தாலும் அதே 40தான். ஆனால் அது சொல்லும் செய்தி கூடுதல்.

கலைச்சொற்கள்

மாதிரி அளவு – அளக்கத் தேர்ந்தெடுத்த தனித்தனி அலகுகளின் எண்ணிக்கை.
திட்ட விலக்கம் – அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்.
புள்ளியியல் திறன் – உண்மையில் உள்ள மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு.
முதல்வகைப் பிழை – இல்லாத மாற்றத்தை உண்டு என்பது.
இரண்டாம்வகைப் பிழை – உள்ள மாற்றத்தைத் தவறவிடுவது.
போலி மடக்காய்வு – ஒரே அலகுக்குள் எடுத்த பல அளவுகளைத் தனித்தனி மாதிரியாக எண்ணுவது.

பயிற்சி

1. திட்ட விலக்கம் 9 புள்ளி. கண்டுபிடிக்க வேண்டிய மாற்றம் 6 புள்ளி. பிழை 5, திறன் 80 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டும் புதிய தளங்கள் எடுத்தால் எத்தனை வேண்டும்?

2. “ஐந்து தளங்களில் தலா 300 முறை கம்பியை இறக்கினோம், மாதிரி அளவு 1,500.” இக்கூற்றில் உள்ள பிழையை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.

3. “எட்டு இடங்களில் பார்த்தோம், மேய்ச்சலால் புல்லுக்குப் பாதிப்பு இல்லை.” இவ்வாக்கியத்தை நேர்மையான முறையில் திருத்தி எழுதுக.

4. பொய் எச்சரிக்கை, தவறவிட்ட எச்சரிக்கை: மேய்ச்சல் நிலத்தில் எது கூடுதல் கேடு? உன் கருத்தை 80 சொற்களில் காரணத்துடன் எழுதுக.

விடைக் குறிப்பு: (1) 2 × 81 × 7.84 ÷ 36 = 35.3, எனவே 36 தளங்கள். (2) மாதிரி அளவு 5. மற்றவை தளத்துக்குள் எடுத்த துணை அளவுகள். (3) எத்தனை தளம், எவ்வளவு மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்ற இரண்டு விவரமும் ‘தென்படவில்லை’ என்ற சொல்லாட்சியும் விடையில் இருக்க வேண்டும். காரணத்தைப் பற்றிய முடிவு இருக்கக்கூடாது. (4) இரு பக்கமும் வாதிடலாம். எந்த இழப்பு மீளக்கூடியது, எது மீளாதது என்று ஒப்பிட்டவருக்குக் கூடுதல் புள்ளி கொடுங்கள்.